எட்டாம் நாள் பால்

வண்டி ஏரிக்கரை மேட்டில் ஏறியதும் உண்ணாமலை முழங்காலை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டாள். இத்தனை துணியை அவள் ஒருநாளும் உடம்பில் சுற்றியதில்லை. இடுப்பில் அத்தனை சுற்று, கணுக்கால் வரைக்கும் இறக்கம், அதுவும் போதாமல் வைக்கோல் மேல் புரண்டு கிடந்தது. அம்மை குத்துகிற சவரிராயரின் பெண்சாதி நேற்றுச் சாயங்காலம் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சேலை. கஞ்சி போட்டது. அசைந்தால் காய்ந்த சருகு மாதிரிச் சத்தம் போட்டது. அவளுடைய சேலை என்றால் முழங்காலோடு நிற்கும், சேற்றில் இறங்கினாலும் தூக்கிச் செருக வேண்டாம், உடுத்தியிருக்கிற நினைப்பே இருக்காது. இதை நொடிக்கொரு தரம் நினைக்க வேண்டியிருந்தது. புளியந்தோப்பு முனையில் வந்து நில்லு, சேரியிலிருந்து நீ வர்றது வண்டிக்காரன் கண்ணில் படக்கூடாது என்று சவரிராயர் சொல்லியிருந்தார். அப்படியே விடியலில் வந்து நின்றாள். வண்டிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார், ஏறிக்கோம்மா என்றார். அம்மா. அந்த வார்த்தை தன்னைத் தாண்டிப் பின்னால் நிற்கிற யாருக்கோ சொன்னது என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கப் போனாள், சவரிராயர் இருமியதும் ஏறிவிட்டாள். யாராவது கேட்டால் மேல்மாத்தூர், குடியானவர் வீடு. கேட்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம். பேரை மாற்ற வேண்டாம், உண்ணாமலை எல்லாத் தெருவிலும் இருக்கிறாள், ஊரை மட்டும் மாற்றினால் போதும். மேல்மாத்தூர், மேல்மாத்தூர் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அங்கே கிணறு இனிப்பா உப்பா என்று யாராவது கேட்டால்? யார் கேட்பார்கள்? கேட்டால்? மடியில் வெள்ளச்சி தூங்கினாள். எட்டு மாசக் குழந்தை. தாது வருஷப் பஞ்சம் விட்டதும் வயிற்றில் தங்கிய பிள்ளை, வெளுப்பாகப் பிறந்ததால் வெள்ளச்சி. அவளுடைய இடது புஜத்தில், அம்மை குத்தின இடத்தில், இரண்டு முத்து இருந்தது. உளுந்தைவிடப் பெரிசு, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி, சுற்றிலும் சிவப்பு. உண்ணாமலை அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்தக் கஞ்சிச் சேலையின் ஓரமோ, வண்டித் தட்டியோ, தன் கையோ அதில் பட்டுவிடுமென்று பிள்ளையை மடியிலிருந்து உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். உடைந்தால் எல்லாம் போச்சு என்று சவரிராயர் ஐயா சொல்லியிருந்தார். எல்லாம் என்றால் எது எது என்று அவர் சொல்லவில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் அவர் கறுப்புக் குடையும் தகரப் பெட்டியுமாகச் சேரிக்குள் வந்தபோது, குத்துறவன் வரான் என்று யாரோ கத்தினார்கள், அவ்வளவுதான், பிள்ளை பெற்றவள்கள் எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனந்தோப்புக்குள் ஓடிவிட்டார்கள். உண்ணாமலையும் வெள்ளச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இந்த எட்டு நாளில் எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டாயிற்று. தைரியம் என்று சொல்ல முடியாது. தைரியம் என்றால் நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்பது, இவளோ ஓடத்தான் நினைத்தாள். நீ ஓடலியாம்மா என்று சவரிராயர் கேட்டார். கால் வரலீங்க என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஆத்தா வந்து போன வீடா என்று மட்டும் கேட்டார். மூத்தவன் என்றாள். அவர் பெட்டியைத் திறந்தார். அவரோடு ஓர் இடையர் வீட்டுப் பெண் வந்திருந்தாள், அவளும் கைப்பிள்ளைக்காரி, சேரி எல்லையிலேயே வேலமர நிழலில் நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. அவள் பிள்ளையின் கையில் இருந்த முத்திலிருந்து கத்தி முனையில் தொட்டு எடுத்துக்கொண்டு ஐயா ஓட்டமும் நடையுமாக வந்து வெள்ளச்சியின் கையில் கீறினார். சின்னக் கீறல். அன்றே நெசவுத் தெருவில் குத்திய மூன்று பிள்ளைகளுக்கும் எழும்பவில்லையாம். ஒருத்தி ஐயா தலை மறைந்ததும் சாணியைக் கரைத்துக் கழுவியே விட்டாளாம். மிஞ்சியது வெள்ளச்சி. நேற்று வந்து முத்தைப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, தன் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த மாதிரி. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இந்தப் பால் புட்டியில நிக்காதும்மா, வெயில்ல செத்துப்போயிடும், பிள்ளைக் கையிலதான் உசுரோட இருக்கும். எட்டு நாளைக்கு ஒருதரம் ஒரு பிள்ளைகிட்டேருந்து இன்னொரு பிள்ளைக்குப் போய்க்கிட்டே இருக்கணும். இன்னைக்கு எழும்பியிருக்கிறது நாளைக்குப் பால், நாளன்னைக்குச் சீழ். நெடும்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர்ல ஆத்தா வந்து ஏழு உசுரு போயிடுச்சு. நெடும்பாக்கத்துல ஆறு கைக்குழந்தை காத்துக்கிட்டிருக்கு. உன் மக கையில இப்ப ஒரு தாலூக்காவே இருக்கு.

தாலூக்கா. அந்த வார்த்தை ராத்திரி முழுக்க முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. தாலூக்கா என்றால் குதிரையில் வருகிற தாசில்தார், ஓடு போட்ட சர்க்கார் கச்சேரி, எத்தனையோ ஏரி, எத்தனையோ கோயில், அவள் போகாத ஊர்கள், போகவிடாத தெருக்கள். அதெல்லாம் இந்தச் சின்னக் கையில், இரண்டு உளுந்துக்குக் கீழே, எப்படி? இடையர் பிள்ளைக்கு முன்னால் யார் கையிலே இருந்துச்சு என்று அவள் கேட்டிருந்தாள். கொல்லர் வீட்டுப் பிள்ளை. அதுக்கு முன்னால? ஒரு சாயபு வீட்டுப் பொண்ணு. அதுக்கு முன்னால? பட்டணத்துல யாரோ சிப்பாயோட பிள்ளை. அப்படியே போனா அம்மா, நம்ம பாட்டன் காலத்துல கப்பல்ல வந்தது, ஆரம்பத்துல சீமையில ஒரு பசுவோட மடியில இருந்ததுன்னு புஸ்தகத்துல எழுதியிருக்கு என்றார். உண்ணாமலைக்குக் கிறுகிறுவென்று வந்தது. கண்ணை மூடினால் சமுத்திரம் வரைக்கும் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பிள்ளை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கை திறந்து கிடந்தது. ஒருத்திக்கு முன்னால் இருக்கிற ஒருத்தியையும் பின்னால் இருக்கிற ஒருத்தியையும் தவிர வேறு யாரையும் தெரியாது. அதில் எத்தனை பிள்ளை பஞ்சத்தில் போயிருக்கும்? பிள்ளை போயிருக்கும், பால் போகவில்லை, அது அடுத்த கைக்குத் தாண்டியிருக்கும். இது என்ன பால், பெற்றவள் முலையில் ஊறாத பால். அது வெள்ளச்சிக்குப் போதுமா? வெளியே எடுத்துவிட்டால் அவளுக்கு மிச்சம் இருக்குமா? கேட்டதற்கு, உன் மகளுக்கு வேண்டியது ஏற்கெனவே ரத்தத்துல சேர்ந்தாச்சு, இது மேல நிக்கிறது என்றார். ஐயா பொய் சொல்கிறவர் இல்லை. இல்லையா? மேல்மாத்தூர் என்று சொல்லச் சொன்னவர் அவர்தானே. ஒரு பொய் சொல்கிறவர் இரண்டாவது பொய் சொல்லமாட்டாரா? அந்தப் பொய் நெடும்பாக்கத்துக்காரர்களுக்கு. இது எனக்கு. எனக்குச் சொன்ன பொய் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வண்டி கரையிலிருந்து இறங்கியது. ஏரிக்குள் தண்ணீர் கிடந்தது, பஞ்சத்தில் வெடித்துக் கிடந்த இடம். சேற்று வாடை வந்தது. அந்த வாடையில் மூத்தவன் சின்னான் வந்தான். அவன் எப்போதும் வாடையில்தான் வருவான், வேப்பிலை வாடை, ஈர மண் வாடை, ஒரு தரம் வெறும் கம்பங்கூழ் வாடையில் வந்தான். நாலு வயசு. மூன்றாம் நாள் நெற்றியில் ஒன்று, அப்புறம் கன்னத்தில், அப்புறம் எங்கே தொட்டாலும். முத்துப் போட்டிருக்கா ஆத்தா, கொழந்தை மேல ஆசை வெச்சிருக்கா என்று மாமியார் சொன்னாள். கண் இமைக்குள்ளேயும் இருந்தது. தண்ணி தண்ணி என்றான், அதுதான் கடைசியாகப் புரிந்த வார்த்தை. அவன் போனதும் வாயைத் திறந்து அழப்போனவளின் வாயைப் பொத்தினார்கள். அழக்கூடாது, ஆத்தா விளையாடின வீடு, அழுதா இன்னும் ஒண்ணைக் கேப்பா. அழவில்லை. வேப்பிலையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள், அந்தக் கசப்பு இன்னும் நாக்கடியில் இருக்கிறது. அழாத அந்த அழுகை எங்கே போயிருக்கும்? இன்றைக்கு ஆத்தாளின் முத்தைக் கத்தியால் குத்தி உடைக்கப்போகிறார்கள். பெற்றவளே கொண்டுபோய் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறாள். ஆத்தா, இது நீ போட்ட முத்து இல்லை, ஐயா போட்டது. ஐயா போட்டதென்றால் நீ கோபிப்பாய், நீ போட்டதென்றால் உடைத்ததற்குக் கோபிப்பாய், எப்படிச் சொன்னாலும் நான் மாட்டிக்கொள்கிறேன். அதற்கு மேல் மேல்மாத்தூர் வேறு. உன் காரியத்துக்குப் போகிற இடத்தில் பொய் சொல்லிக்கொண்டு போகிறேன். அவள் புருஷன் சடையன் ஏர் பூட்டப் போகும்போது திரும்பிப் பார்த்து, உனக்குச் சரின்னு பட்டா போ என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கும் பயம். அவனுடைய பயத்தையும் இவள்தான் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சூடா இருக்கா?" என்று முன்னால் உட்கார்ந்திருந்த சவரிராயர் திரும்பிக் கேட்டார்.

"லேசா கொதிக்குதுங்க."

"இருக்கும். எட்டாம் நாளுக்கு இருக்கணும். பயப்படாதே, தாயி."

வண்டிக்காரர் மாட்டை அதட்டிவிட்டு, "மேல்மாத்தூர்னு ஐயா சொன்னாரு, அங்க யாரு வூட்டும்மா நீ?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சவரிராயர், "ஏன்யா, மாடு ஏன் எடதுபக்கம் இழுக்குது? லாடம் கழண்டுடுச்சா?" என்றார். வண்டிக்காரர் இறங்கிப் பார்த்தார். லாடம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தவருக்குக் கேட்ட கேள்வி மறந்துபோயிற்று.

நெடும்பாக்கத்துச் சாவடி ஊர் நடுவில் இருந்தது, எதிரே மணியக்காரர் வீடு. சாவடிக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதைப் பார்த்ததும் அவள் வெள்ளச்சியை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இப்படி ஒரு சாவடியில், இப்படி ஒரு மரத்தில்தான் அவளுடைய சேரி ஆள் ஒருவனைக் கட்டிவைத்தார்கள், எதற்கென்றுகூட இப்போது ஞாபகமில்லை, கட்டின கயிற்றின் நிறம் ஞாபகம் இருக்கிறது. சவரிராயர் இறங்கிக் குடையை விரித்து அவள் தலைக்கு நேரே பிடித்தார். பெண்கள் கூடியிருந்தார்கள். வளையல் சத்தம். தாழம்பூ, நல்லெண்ணெய், சீகைக்காய், எல்லாம் கலந்த வாடை. இத்தனை பக்கத்தில் இந்த வாடையை அவள் நுகர்ந்ததில்லை, எப்போதும் வரப்பு இடைவெளியில் காற்று கொண்டுவந்து கொடுத்ததுதான். சாவடிப் படியில் ஒரு கிழவி நின்றாள். மணியக்காரரின் தாய், தாயாரம்மா. முகம் முழுக்கத் தழும்பு, ஒரு கண் பால் கட்டி வெளுத்திருந்தது. அந்த ஒரு கண்ணால் அவள் உண்ணாமலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சேலை, மூக்கு, காது, கால். காலைப் பார்க்காதே என்று உண்ணாமலை வேண்டிக்கொண்டாள். வெடித்த குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள், இத்தனை நேரம் வேண்டாத அந்த இறக்கம் இப்போது உதவியது.

"பொண்ணு எந்த ஊரு?"

"மேல்மாத்தூருங்கம்மா" என்றார் சவரிராயர்.

"அவளுக்கு வாயில்லையா?"

"மேல்மாத்தூருங்க" என்றாள் உண்ணாமலை. கூடவே வர இருந்த சாமி என்ற சேரி வார்த்தையை விழுங்கினாள்.

"உன் புள்ளைக்குக் குத்தி எத்தனை நாளாவுது? சோறு இறங்குதா? பேதி கீதி ஆச்சா?"

"இல்லீங்க. நாலஞ்சு நாள் அனத்தினா. இப்ப பால் குடிக்கிறா."

கிழவி தலையை ஆட்டினாள். பிறகு, "எனக்கு வந்தப்ப இதெல்லாம் எங்க இருந்துச்சு? எங்க வூட்டுல மூணு பேருக்கு வந்தது, நான் ஒருத்திதான் எழுந்தேன்" என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டு, "கோதை, நீ முதல்ல வா" என்றாள். மருமகள் கோதை வந்து எதிரே உட்கார்ந்தாள். பதினேழு, பதினெட்டு இருக்கும். மடியில் கொழுகொழுவென்று ஒரு பையன், அரைஞாணில் வெள்ளி மணி. கோதைக்கு உதடு வெளுத்திருந்தது. அவள் உண்ணாமலையைப் பார்க்கவில்லை, வெள்ளச்சியின் கையை மட்டும் பார்த்தாள். வலிக்குமா என்று கேட்டாள், கேட்டது ஐயாவையா, உண்ணாமலையையா, தெரியவில்லை. உண்ணாமலை பதில் சொன்னாள்: "கத்துவான். கொஞ்ச நேரந்தான்."

ஐயா கத்தியைத் துடைத்தார். வெள்ளச்சி விழித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடிக்க வேண்டும், நன்றாக இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடித்தாள், தன் பிடியில் தன் பிள்ளையின் எலும்பு தெரிந்தது. கத்தி முனை முத்தின் ஓரத்தில் இறங்கியது. ஆத்தா என்று அவள் மனசு கத்தியது, அதோடு நின்றுவிட்டது, வேண்டுதலோ மன்னிப்போ எதுவும் அதன் பின்னால் வரவில்லை. ரத்தம் வரவில்லை. வெயிலில் பனித்துளி மாதிரி ஒன்று, அப்புறம் இன்னொன்று, தெளிவாக, மெதுவாக ஊறி வந்தது. இதுவா பால், தண்ணியாட்டம் இருக்குதே என்று ஒருத்தி சொன்னாள். ஐயா அதைத் தொட்டு எடுத்தார். பையனின் கையில் கீறினார். பையன் வீரிட்டான், வெள்ளச்சியும் வீரிட்டாள், இரண்டு அழுகையும் சேர்ந்து எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. உண்ணாமலை அந்தச் சின்னக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டது. இனி யாராலும் வெளியே எடுக்க முடியாது. இந்தத் தெருவில் அவள் நிழல் விழுந்தாலே சாணி கரைத்துத் தெளிப்பார்கள். இப்போது வெள்ளச்சி கையில் ஊறினது மணியக்காரர் பேரன் ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. சிரிப்பு வந்த இடத்திலேயே பயமும் வந்தது. இரண்டாவது பிள்ளை, மூன்றாவது, நாலாவது. வெள்ளச்சி அழுது அழுது தேம்பினாள். உண்ணாமலைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விடியலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை, கேட்கவும் பயம், கேட்டால் எதில் கொடுப்பார்கள், எப்படிக் குடிப்பது?

"பச்சைப் புள்ளைக்காரி, வெயில்ல வந்து உக்காந்திருக்கா, ஒரு வாய் மோராவது குடுக்கணும்னு ஒருத்திக்காச்சும் தோணுதா?" என்று கிழவி வைதது காதில் விழுந்தது. வீட்டுக்குள் போய் அவளே பித்தளைச் சொம்போடு வந்தாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கிற மோர். சொம்பின் வெளிப்புறம் முழுக்க வேர்த்திருந்தது. இந்தா என்று அவள் குனிந்து நீட்டினாள். உண்ணாமலை கையை நீட்டினாள். இரண்டு கையும் மணிக்கட்டில் ஒட்டிச் சேர்ந்து, குழிந்து, தாடைக்குக் கீழே போய் நின்றன. தலை தானாகக் குனிந்தது. எல்லாம் ஆன பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

சொம்பு நீட்டின இடத்திலேயே நின்றது. கிழவியின் முதுகு மற்றப் பெண்களை மறைத்திருந்தது, பார்த்தது அவளும் சவரிராயரும்தான். சவரிராயரின் கையில் கத்தி அந்தரத்தில் நின்றது. கையை எடு, எடுத்து வீட்டுக்காரி மாதிரி ஒரு கையால் சொம்பை வாங்கு, இன்னும் நேரம் இருக்கிறது, தாகத்தில் அப்படி நீட்டிவிட்டேன் என்று சிரி. கை கேட்கவில்லை. சேரி வாசலில் கால் நின்ற மாதிரி இப்போது கை நின்றது. அந்தக் கை வேறெதையும் கற்றதில்லை. வயலில், களத்தில், கல்யாண வீட்டுக் கொல்லையில், எங்கேயும் மேலேயிருந்து விழுகிறதைத்தான் அது பிடித்திருக்கிறது. மரத்தைப் பார்க்காதே. கயிறு பழுப்பு நிறம், தேங்காய் நார்க் கயிறு. வெள்ளச்சியை என்ன செய்வார்கள்? பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டார்கள். செய்யமாட்டார்களா? கிழவியின் கண் குழிந்த கைகளைப் பார்த்தது. அங்கிருந்து மெதுவாக நகர்ந்து, கோதையின் மடியில் தேம்பிக்கொண்டிருந்த பேரனின் கைக்குப் போயிற்று. கீறின இடத்தில் பால் காய்ந்து பளபளத்தது. அங்கேயே நின்றது அந்தக் கண். எத்தனை நேரம் என்று உண்ணாமலைக்குத் தெரியாது. ஒரு காக்கை கத்தியது. ஒரு பிள்ளையை யாரோ ரோ ரோ என்று தட்டினார்கள். கிழவியின் கன்னத்துத் தழும்புகளை அவள் இப்போதுதான் சரியாகப் பார்த்தாள், சின்னானுக்கும் இதே இடத்தில்தான் நெருக்கமாக இருந்தது, அவன் எழுந்திருந்தால் இந்த மாதிரிதான் இருந்திருப்பான், தழும்போடு, ஒரு கண்ணோடு, இருந்திருப்பான். கைக்குள் சில்லென்று விழுந்தது.

மோர். மேலேயிருந்து, ஒரே சீராக. குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள், முழங்கை வழியாக வழிந்து அந்தக் கஞ்சிச் சேலையை நனைத்தது.

"இன்னும் ஊத்தட்டுமா?" கிழவியின் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

தலையை அசைத்தாள். இன்னும் விழுந்தது. சொம்பு காலியானது.

கிழவி நிமிர்ந்தாள். "இன்னும் எத்தனை புள்ளைக்கு வரும் இது?" என்று சவரிராயரைக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குங்கம்மா."

"வருமா?"

"வரும்."

"அப்ப ஏன்யா கையை நிறுத்திட்டே? குத்து."

அந்தச் சொம்பை அவள் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. சாவடி ஓரத்து மணலில் கவிழ்த்துவைத்தாள். கடைசிப் பிள்ளைக்கும் குத்தி முடிந்ததும், வண்டிமாடு களைச்சுக் கிடக்கு, நீங்க நடந்தே போயிடுங்க என்றாள், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டிருக்கும். எட்டாம் நாள் நான் வந்து பார்க்கணுங்கம்மா என்று சவரிராயர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீ வா என்றாள். நீ என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. உண்ணாமலை வெள்ளச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், ஓடக்கூடாது, ஓடினால் துரத்தும் என்று நாய்க்கு முன்னால் நடக்கிற நடை. ஊர் எல்லைக் கல் தாண்டியதும் குனிந்து சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். காற்று பட்டது. கால் தன் காலானது.

சவரிராயர் குடையைக் குழந்தைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சுபோச்சு அந்த அம்மாவுக்கு" என்றார்.

"ஆமாங்க."

"எனக்கு உசுரே இல்லம்மா. உன்னை இப்படிக் கூட்டிக்கிட்டு வந்தது தப்புத்தான். வேற வழி தெரியல எனக்கு."

தன்னிடம் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் அதை எடுத்துப் பார்க்க இப்போது நேரமில்லை, வேறு ஒன்று குறுக்கே நின்றது. என்ன அது? சாவடியில் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி. துணியா? இல்லை, வெள்ளச்சியின் துணி இடுப்பில் இருக்கிறது. சொம்பா, மணலில் கவிழ்ந்த அந்தச் சொம்பா? இல்லை. கோதை. அந்தப் பெண் கிளம்பும்வரை பையனின் கையை ஊதிக்கொண்டே இருந்தாள். பையனின் மறு கை அந்தக் கீறலைத் தேடித் தேடிப் போயிற்று. கொழுத்த சின்ன விரல்கள், நகம் வளர்ந்திருந்தது. நாலாம் நாள் அரிக்க ஆரம்பிக்கும். வெள்ளச்சிக்கு அப்படித்தான், பகலில் தெரியவில்லை, ராத்திரி தூக்கத்திலேயே பிறாண்டப் பார்த்தாள், உண்ணாமலை பழந்துணியைக் கிழித்து இரண்டு கையையும் பொட்டலமாகச் சுற்றிவைத்துக்கொண்டு மூன்று ராத்திரி கண்ணை மூடவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தானாகத் தெரியுமா? முதல் பிள்ளை. கிழவிக்குத் தெரியாது, கிழவிக்கு இது புதுசு. பிறாண்டிவிட்டால் புண்ணாகும், சீழ் பிடிக்கும், அப்புறம் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த வெள்ளி மணி கட்டின பையன். அவன் எனக்கு யார்? யாருமில்லை. யாருமில்லை என்று பத்தடி நடந்தாள், இருபதடி நடந்தாள், நின்றுவிட்டாள்.

"ஐயா, அந்தப் பொண்ணுகிட்ட கையைச் சுத்தச் சொன்னீங்களா?"

"எதை?"

"புள்ளை கையை. ரெண்டு கையையும். நாலாம் நாளு அரிக்கும். ராத்திரியிலே பழந்துணியிலே சுத்திவெக்கணும். சொல்லலியா?"

"சொறிய விடாதீங்கன்னு பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொன்னா எப்படிங்க? அது சின்னப் பொண்ணு. திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

"இப்பவா? அந்த அம்மா முன்னால மறுபடியும் போய் நிக்கச் சொல்றியா?"

"நான் போக முடியாதுங்களே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த வழியைப் பார்த்தார். "சரி. நான் சொல்றதா சொல்லிடறேன்."

"வேணாங்க. ஆம்பளை சொன்னா அவ காதுல ஏறாது. இப்பத்தான் மூணு ராத்திரி தூங்காம கெடந்து எழுந்தவ சொன்னான்னு சொல்லுங்க. உண்ணாமலை சொன்னான்னு."

"மேல்மாத்தூர் உண்ணாமலை."

அவள் வெள்ளச்சியை மறுதோளுக்கு மாற்றினாள். "ஆலங்குப்பம் சேரி உண்ணாமலைன்னு சொல்லுங்க."

சவரிராயர் அவளையே பார்த்தார். குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் திரும்பி நடந்தார்.

பாதை ஓரத்துப் பனைமரத்தடியில் உட்கார்ந்து வெள்ளச்சிக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை அவசரமாகக் குடித்தது, குத்தி முடிந்ததும் ஐயா கட்டுப்போட்டுவிட்ட கையை அவள் மார்மேல் வைத்துக்கொண்டு. ஏன் சொன்னேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்நேரம் கிழவி ஆள் அனுப்பியிருப்பாள். அவள் மனசு மாறியிருக்கும், மோர் ஊற்றின மனசு அப்படியே இருக்குமா, மகன் வயலிலிருந்து வந்திருப்பான், யார் வந்தது என்று கேட்டிருப்பான். ஐயாவைச் சாவடியில் உட்காரவைத்திருப்பார்கள். அவர் சட்டை போட்டவர், தாசில்தாருக்குத் தெரிந்தவர், அவரை ஒன்றும் செய்யமாட்டார்கள். சடையனைச் செய்வார்கள். ஏர் ஓட்டுகிற இடத்திலேயே வந்து பிடிப்பார்கள். கோதை பிள்ளையின் கையைச் சாணி போட்டுத் தேய்ப்பாள், நெசவுத் தெருப் பெண் தேய்த்த மாதிரி. ஆத்தா, தேய்த்துவிடுவாளா? ஆனால் உள்ளே போனது போனதுதான், தேய்த்து எடுக்க முடியாது. முடியுமா? ஐயாவைக் கேட்க மறந்தேன். சொன்னதை வாபஸ் வாங்கினால் என்ன, ஓடிப்போய் ஐயாவை வழியிலேயே நிறுத்தினால்? ஓட முடியும், இப்போது கால் வரும், அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. எல்லைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி மார்பை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நிழல் நகர்ந்தது, இவளும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கே ஒரு ஆள் தெரிந்தது. ஒரே ஆள். பின்னால் யாரும் இல்லை. ஓடவில்லை, நடந்துதான் வந்தார்.

அவர் வந்து பனைமரத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். பெரிய அம்மா உள்ளே இருந்தாங்க. அந்தப் பொண்ணு மட்டுந்தான் வாசல்ல இருந்துச்சு."

"எந்த உண்ணாமலைன்னு?"

"சொன்னேன்."

உண்ணாமலை குடையை மடக்கினாள். "என்னா சொல்லிச்சு?"

"பையன் கையையே பார்த்துக்கிட்டு நின்னுது. நான் கெளம்பலாம்னு திரும்பிட்டேன். அப்ப கூப்பிட்டு, அவங்க பொண்ணு எத்தனாவது நாளு ராத்திரி நல்லாத் தூங்குச்சுன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல தாயி, கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

அவள் வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஏழாம் நாளு" என்றாள். "ஏழாம் நாளு விடியக்காலையிலே தூங்குச்சுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் பொறுக்கணும். பொறுத்துக்கிட்டா போதும்னு சொல்லுங்க."